ஆயத்தமும் இரசனையும்: சத்யஜித் ரேயின் கலையொழுக்கம் பற்றிய ஒரு நோக்கு

கலைஞனுடைய வாழ்வை இரு கூறாகப் பிரித்து நோக்கும் வழக்கம் கற்றோரிடையே நெடுங்காலமாக நிலவி வருகின்றது. ஒரு கூறு அவனது உழைப்பு. கூர்ந்து நோக்குதல், குறிப்பெடுத்தல், திட்டமிடுதல், திருத்துதல் ஆகியன இதனுள் அடங்கும். மற்றையது அவனது பொழுதுபோக்கு. துப்பறியும் கதை, சித்திரக்கதை, சனரஞ்சகத் திரைப்படம், மெல்லிசைப் பாட்டு ஆகியன இதனுள் அடங்கும். முன்னையது தவம் எனப் போற்றப்படும். பின்னையது மனிதப் பலவீனம் எனப் பொறுத்துக்கொள்ளப்படும். பல்கலைக்கழக மாணவன் ஒருவன் நூலக மேசைமீது காவியத்தை விரித்துவைத்து, அதன் அடியில் துப்பறியும் நாவலை மறைத்துவைப்பதும் இப்பிரிவினையின் விளைவே. எதற்காக மறைக்கின்றாய் என்று கேட்டால் விடை கூறுதல் அவனுக்கு எளிதாயிராது.

இப்பிரிவினை நியாயமானதா என்னும் வினா இரசனை பற்றியது மாத்திரமன்று, ஒழுக்கம் பற்றியதுமாகும். பொதுமக்கள் விரும்பும் கலைகளில் தானும் மகிழும் கலைஞன் தன் கடமையிலிருந்து வழுவுகின்றானா? அன்றி, அம்மகிழ்ச்சிக்கும் அவனது கடமைக்கும் இடையே உள்ளார்ந்த தொடர்பு ஏதும் உண்டா? இதனைப் பொதுப்பட ஆராய்வதிலும் தனி எடுத்துக்காட்டு ஒன்றைக் கொண்டு ஆராய்வது பயனுடைத்து. வங்காளத் திரைப்பட நெறியாளர் சத்யஜித் ரே (1921 – 1992) இதற்கு மிகப் பொருத்தமானவர். படப்பிடிப்புக்கென அவர் மேற்கொண்ட ஆயத்தங்களும், சனரஞ்சகக் கலைகளில் அவர் கொண்டிருந்த ஈடுபாடும் அவராலேயே எழுத்திற் பதியப்பெற்றுள்ளன. 1976 இல் வெளிவந்த 'எமது படங்கள், அவர்களது படங்கள்' என்னும் பொருளுடைய அவரது ஆங்கிலக் கட்டுரைத் தொகுதியிலே, ழான் ரெனுவார், குரோசாவா ஆகியோர் பற்றிய கட்டுரைகளுக்குப் பக்கத்தில், சாப்ளினின் 'கோல்ட் ரஷ்' பற்றியும், மேற்கமெரிக்கக் குதிரைவீரர் படங்களாற் புகழ்பெற்ற ஜோன் ஃபோர்ட் பற்றியும் எழுதிய கட்டுரைகள் சரியாசனம் பெற்றிருத்தல் நோக்கற்பாலது.

முதலில் ஆயத்தத்தை நோக்குவோமாயின், வங்காள வணிகர் கணக்கெழுதப் பயன்படுத்தும் சிவப்புத் துணியட்டைப் பேரேடுகளிலேயே ரே தம் திரைக்கதைகளை எழுதினார் என்பது குறிப்பிடத்தக்கது. உரையாடல் மாத்திரமன்றி, காட்சிகளின் கோட்டுச் சித்திரங்கள், பாத்திரங்களின் உடையமைப்பு, வீட்டுப் பொருள்கள், இசைக்குறிப்புகள் ஆகிய யாவும் அவ்வேடுகளில் இடம்பெற்றன. அவரது முதற்படமாகிய 'பாதேர் பாஞ்சாலி' (1955) முழுமையான திரைக்கதைப் பிரதியொன்றின்றியே உருவாயிற்று என்று கூறப்படுவதுண்டு. அக்கூற்று உண்மையாயினும் அதனாற் பெறப்படும் கருத்துப் பிழையானது. விபூதிபூஷண் பந்தோபாத்தியாயரின் அந்நாவலின் சுருக்கப் பதிப்புக்கு 1944 ஆம் ஆண்டளவிலேயே அவர் சித்திரங்கள் வரைந்திருந்தார். பின்னர் படத்தின் முக்கிய காட்சிகளைத் தனிச் சித்திர ஏடொன்றில் வரிசையாகத் தீட்டினார். எழுத்திற் குறைந்திருந்தது கோட்டில் நிறைந்திருந்தது.

ஆயினும், எத்துணைத் திட்டமிட்டபோதிலும் உலகம் ஏட்டுக்கு அடங்கி நடப்பதில்லை. 1952 ஒக்டோபரிலே, நாணற்பூ வெண்மையாய்ப் பூத்துக் கிடந்த வெளியொன்றில், அபுவும் துர்க்காவும் புகைவண்டியைக் காணும் காட்சியின் ஒரு பகுதி படமாக்கப்பட்டது. எஞ்சியதை முடிக்க ஒரு வாரங் கழித்துச் சென்றபோது பூக்கள் அத்தனையையும் மாடுகள் மேய்ந்துவிட்டிருந்தன. அடுத்த ஆண்டுப் பூக்காலம் வரை காத்திருக்கவேண்டியதாயிற்று. கையிற் பணமில்லாத நிலையிலும், வேறோர் இடத்தை வேறோர் பருவத்திற் காட்டிச் சமாளிக்க அவர் முற்படவில்லை.

'அபராஜிதோ' (1956) படப்பிடிப்பின் பொருட்டுக் காசியில் தங்கியிருந்தபோது அவர் எழுதிய நாட்குறிப்பும் இவ்வகையில் அறிவூட்டுவது. விடியுமுன் எழுந்து படித்துறைகளிற் சுற்றித் திரிவார். காலையொளி எவ்வாறு விழுகின்றது, நீராட வருவோர் எவ்வாறு நடக்கின்றனர், புறாக்கள் எப்பொழுது எழுந்து வட்டமிடுகின்றன என்பனவற்றைக் குறித்துக்கொள்வார். அந்நாட்குறிப்பிலே அவர் நகைச்சுவையோடு விவரிக்கும் நிகழ்ச்சியொன்றுண்டு. கட்டட விளிம்புகளில் நூற்றுக்கணக்கில் அமர்ந்திருக்கும் புறாக்கள் வெடியோசை கேட்டு ஒரே வேளையில் எழுந்து பறக்கவேண்டும், அதனைப் படமாக்கவேண்டும். திரியில் நெருப்பு வைக்கப்பட்டது. வெடி வெடித்தது. புறாக்கள் மிக அழகாகப் பறந்தன. கமரா மாத்திரம் ஓடவில்லை. அதன் மோட்டரை மின்கலத்தோடு இணைக்க மறந்துவிட்டனர். நல்லூழாக, மேலும் வெடிகள் கைவசமிருந்தன. புறாக்களும் வட்டமிட்டுத் திரும்பி வந்தமர்ந்தன. படத்திலே, ஹரிஹரனின் வாயிற் கங்கைநீர் ஊற்றப்பட்டு அவன் உயிர் பிரியும் கணத்தில் எழுந்து பறப்பவை இப்புறாக்களே. பார்ப்போர் நெஞ்சை உலுக்கும் அக்காட்சியின் பின்னால் விடியற்காலை நடைகளும், ஓர் அசட்டுத் தவறும், மீண்டும் முயலும் பொறுமையும் உள்ளன.

அதே படத்துக்காகக் காசி வீடொன்றின் முற்றம் கல்கத்தாப் படப்பிடிப்பு நிலையத்தில் அமைக்கப்பட்டது. மெய்யான முற்றத்தில் மேலிருந்து இறங்கும் பகலொளிக்கு இத்திசை அத்திசை என்ற ஒரு திசையில்லை. கூரிய நிழல்களும் அதற்கில்லை. நிலையத்து விளக்குகளை நேரே பாய்ச்சினால் அவ்வுண்மை கெடும். ஆகவே ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ரா முற்றத்தின் மேலே வெள்ளைத் துணியை விரித்துக் கட்டி, விளக்கொளியை அதில் விழச்செய்து, அதிலிருந்து திரும்பிப் பரவும் ஒளியிற் படம் பிடித்தார். படம் பார்ப்போருள் இதனை உணர்ந்து பாராட்டக்கூடியவர் மிகச் சிலரே. எவரும் கண்டுபிடிக்க மாட்டார் என்ற நிலையிலும் பொய்யொளியைக் காட்ட மறுத்தமையே இங்கு கவனத்துக்குரியது. நேர்மை என்பது கண்காணிப்பில்லாத இடத்திலேதான் சோதிக்கப்படுகின்றது.

இவற்றை ஒருங்கு வைத்து நோக்குமிடத்து, ரேயின் ஆயத்தம் இருவகைப் பொறுப்பை உள்ளடக்கியிருந்தமை புலனாகும். ஒன்று, படமாக்கப்படும் உலகுக்குச் செலுத்தும் மரியாதை. அது எவ்வாறிருக்கின்றதோ அவ்வாறு அதனைக் காணும் முயற்சி. மற்றது, இருளில் அமர்ந்து படத்தைப் பார்க்கப்போகும் முகமறியாத மனிதனுக்குச் செலுத்தும் மரியாதை. அவனுக்குத் தெரியாதென்று எண்ணிக் குறைத்துக் கொடாமை. இவ்விரண்டாவது மரியாதையை ஒருவன் எங்கிருந்து பெறுகின்றான்? தானும் அவ்விருளில், அம்மனிதர் நடுவே, மகிழ்ந்திருந்த அனுபவத்திலிருந்தே பெறுகின்றான் என்பதே ரேயின் வாழ்விலிருந்து கிடைக்கும் விடை.

இளமையில் அவர் ஹொலிவூட் படங்களின் தீவிர இரசிகர். டீனா டர்பின் என்னும் பாடகி நடிகைக்கு இரசிகர் கடிதம் எழுதி, பதில் வரப்பெற்று மகிழ்ந்தவர். நட்சத்திரங்களைக் காணச் சென்ற இளைஞனின் கவனம் படிப்படியாக நெறியாளர்மீது திரும்பிற்று. கல்கத்தாத் திரையரங்குகளின் இருளிலே, காட்சிகள் வெட்டி இணைக்கப்படும் முறையைப் பற்றிக் குறிப்பெடுக்கலானார். விளம்பர நிறுவனமொன்றில் ஓவியராகத் தொழில் புரிந்த காலத்தில், படமாகப்போவதாக அறிவிக்கப்படும் கதைகளுக்குத் தாமே திரைக்கதை எழுதிவைத்து, படம் வெளிவந்ததும் ஒப்புநோக்குதல் அவரது பொழுதுபோக்காயிற்று. 1947 இல் நண்பருடன் இணைந்து கல்கத்தாத் திரைப்படக் கழகத்தைத் தொடக்கினார். 1950 இல் இலண்டனிலே சில மாதங்கள் தங்கியபோது ஏறக்குறைய நூறு படங்களைப் பார்த்தார். அவற்றுள் ஒன்று டி சிக்காவின் 'சைக்கிள் திருடர்கள்'. இந்நிகழ்ச்சிகளில் இரசனை எங்கு முடிந்து ஆயத்தம் எங்கு தொடங்குகின்றது என்று கோடு கிழித்துக் காட்டுதல் எவர்க்கும் இயலாது.

குடும்பச் சூழலும் இதற்கு உரமூட்டிற்று. பாட்டனார் உபேந்திரகிஷோர் 1913 இல் 'சந்தேஷ்' என்னும் சிறுவர் சஞ்சிகையைத் தொடக்கியவர். தந்தையார் சுகுமார் ரே வேடிக்கைப் பாடல்களாற் புகழ்பெற்றவர். நின்றுபோயிருந்த அச்சஞ்சிகையை 1961 இல் ரே மீண்டும் வெளிக்கொணர்ந்தார். அதன் பக்கங்களை நிரப்புவதற்காகவே எழுதத் தொடங்கியவர், 1965 இல் ஃபெலுடா என்னும் துப்பறிவாளனைப் படைத்தார். ஷேர்லொக் ஹோம்ஸைத் தன் குருவாக மதிக்கும் அத்துப்பறிவாளனை வங்காளச் சிறுவர் தலைமுறைகள் பலவும் தம் உறவினனாகவே ஏற்றுக்கொண்டன. உலகப் புகழ் பெற்ற நெறியாளர், மாதந்தோறும் சிறுவருக்குக் கதையெழுதுவதைத் தம் தகுதிக்குக் குறைவானதாகக் கருதவில்லை.

இவ்விடத்தில் கடுமையான ஆட்சேபமொன்றை எதிர்கொள்ளவேண்டியுள்ளது. 1967 இல் நக்ஸல்பாரியிற் கிளர்ச்சி வெடித்தது. அதனையடுத்த ஆண்டுகளில் கல்கத்தா வீதிகள் குருதி கண்டன. வேலையற்ற இளைஞர் நம்பிக்கையிழந்து திரிந்தனர். அவ்வேளையிலே, 1969 இல், பேய்களின் அரசனிடம் வரம் பெற்ற பாடகன் ஒருவனையும் மேளக்காரன் ஒருவனையும் பற்றிய கற்பனைக் கதையைப் படமாக்குதல் அறமாகுமா? கேளிக்கை மக்களின் சினத்தை ஆற்றித் துயிலவைக்கும் தாலாட்டன்றோ? அடோர்னோ, ஹொர்க்ஹைமர் ஆகிய ஜெர்மானியச் சிந்தனையாளர் 1940 களிலே 'பண்பாட்டுக் கைத்தொழில்' என்னும் கருத்தை முன்வைத்தபோது இதனையொத்த குற்றச்சாட்டையே விரிவாக எடுத்துரைத்தனர். தொழிற்சாலைப் பண்டம் போல ஆக்கப்படும் கேளிக்கை, வேலைத்தலத்தின் ஒழுங்கையே ஓய்வு நேரத்துக்குள்ளும் கொண்டுவருகின்றது என்பது அவர்கள் வாதம். இதனை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. சனரஞ்சகம் என்ற பெயரில் விற்கப்படுவனவற்றிற் பெரும்பகுதிக்கு இவ்வாதம் பொருந்தவே செய்யும்.

ரே இதனை அறியாதவரல்லர். 1966 இல் வெளிவந்த 'நாயக்' என்னும் படமே அதற்குச் சான்று. வங்காளத்தின் பெருநட்சத்திரமாக விளங்கிய உத்தம் குமாரே அதில் நட்சத்திர நடிகன் அரிந்தமாக நடித்தார். விருதொன்றைப் பெறத் தில்லிக்குப் புகைவண்டியிற் செல்லும் அவன், கனவிலே நாணயத்தாட் குன்றுகளினிடையே நடந்து, அத்தாள்களுக்குள்ளேயே புதைகின்றான். வேலைநிறுத்தஞ் செய்த தொழிலாளர் முன்னிலையிற் பேசும்படி நண்பன் அழைத்தபோது, தன் புகழுக்கு ஊறு நேருமென்று அஞ்சித் திரும்பியவன் அவன். பண்பாட்டுக் கைத்தொழில் மனிதனை என்ன செய்கின்றது என்பதற்கு இதனிலும் கூரிய விமரிசனம் அரிது.

ஆயினும் படம் அத்துடன் நிற்கவில்லை. பெண்கள் சஞ்சிகையொன்றை நடத்தும் அதிதி, நட்சத்திரங்களை இகழ்ச்சியோடு நோக்குபவள். சஞ்சிகை விற்பனையாகவேண்டும் என்பதற்காகவே அவனைப் பேட்டி காண்கின்றாள். அவன் தன் அச்சங்களையும் குற்றவுணர்வையும் கொட்டுகின்றான், அவள் குறிப்பெடுக்கின்றாள். இறுதியில் அக்குறிப்புகளைத் தானே கிழித்தெறிகின்றாள். நட்சத்திரத்தின் அந்தரங்கத்தை வாசகருக்கு விற்கலாம். அது சனரஞ்சகமாகவும் அமையும். ஆனால் எதிரில் இருப்பவன் ஒரு மனிதன் என்பதை அறிந்த பின்னர் அது இயலாது. இரசிகனுக்கும் ஒரு கடமை உண்டென்பதை இக்காட்சி உணர்த்துகின்றது. தனக்கு இன்பந் தருபவனைப் பண்டமாக்காதிருப்பதே அக்கடமை. இகழ்ச்சியோடு வந்தவள் அக்கடமையைக் கற்றுக்கொள்கின்றாள் என்பதும் கவனிக்கத்தக்கது. இகழ்ச்சி அதனைக் கற்பித்திருக்க மாட்டாது.

இனி, ஆட்சேபத்துக்கு இலக்கான 'கூபி கைன் பாகா பைன்' என்னும் அந்த 1969 ஆம் ஆண்டுப் படத்தை நோக்கலாம். உபேந்திரகிஷோரின் கதையைத் தழுவிய இப்படத்திலே பேய்களின் நடனம் ஆறு நிமிடத்துக்கும் மேலாக நீள்கின்றது. சிறுவருக்கான பேய்க்காட்சிதானே என்று எதனையும் அவர் கைபோன போக்கில் விடவில்லை. அரசர், பாமரமக்கள், வெள்ளையர், பருத்த உடலினராகிய வணிகரும் மதகுருமாரும் எனப் பேய்கள் நால்வகையாக வகுக்கப்பட்டன. இசைக்கோ அவர் தென்னகத்தை நாடினார். கருநாடக இசைமரபின் தாளவாத்தியக் கச்சேரியை முன்மாதிரியாகக் கொண்டு, மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங் ஆகிய நான்கையும் அந்நால்வகைப் பேய்களுக்கும் பகிர்ந்தளித்தார். தமிழர் தம் கோயில்களிலும் சபைகளிலும் கேட்டுப் பழகிய தாளம், வங்காளச் சிறுவரின் பேய்க்கூத்துக்கு உயிராயிற்று. காசி முற்றத்தின் ஒளிக்குக் கொடுத்த அதே கவனம் இங்கும் கொடுக்கப்பட்டிருத்தல் வெளிப்படை. அப்படத்தின் மையக் கருத்துப் போரின் மடமை என்பதும், கூபியும் பாகாவும் தம் பாட்டினால் ஒரு படையையே அசையாது நிற்கச் செய்கின்றனர் என்பதும் மறக்கற்பாலனவல்ல.

நகரத்தின் துயரை அவர் மறந்தாரென்றும் கூறமுடியாது. அடுத்தடுத்து வந்த 'பிரதித்வந்தி' (1970), 'சீமாபத்த' (1971) ஆகியன கல்கத்தா இளைஞரின் வேலையின்மையையும் உத்தியோகத்தரின் ஒழுக்கச் சரிவையும் நேர்நின்று காட்டின. 1973 இல் வெளிவந்த 'அஷனி சங்கேத்' 1943 ஆம் ஆண்டு வங்காளப் பஞ்சத்தைப் பொருளாகக் கொண்டது. 1980 இலோ, கூபியும் பாகாவும் மீண்டும் வந்தனர். 'ஹீரக் ராஜார் தேஷே' என்னும் அப்படத்தில் வைர நாட்டு மன்னன் பள்ளிக்கூடத்தை மூடுகின்றான், ஏடுகளை எரிப்பிக்கின்றான், எதிர்ப்போரின் மூளையைக் கழுவ எந்திரம் வைத்திருக்கின்றான். படத்தின் பாத்திரங்கள் எதுகையோடு பேச, பள்ளி ஆசிரியன் மாத்திரம் எதுகையின்றிப் பேசுகின்றான். அவன் சிந்தனை எவர் தாளத்துக்கும் கட்டுப்படாதது என்பதை விளக்கவுரை எதுவுமின்றியே குழந்தையும் உணர்ந்துகொள்ளும். இறுதியில் மன்னனே எந்திரத்துள் தள்ளப்பட்டு, தன் சிலையைத் தானும் சேர்ந்து கயிறு கட்டி இழுத்து வீழ்த்துகின்றான். 1975 முதல் 1977 வரை இந்தியாவில் நிலவிய நெருக்கடிநிலை ஆட்சியை நினைவிற்கொண்டு பலர் இப்படத்தைப் பார்த்தனர். பண்டிதர் பத்துப் பேர் மாத்திரம் பயிலும் வடிவத்தில் கூறப்பட்டிருப்பின் இக்கருத்து அத்தனை வீடுகளுக்குள்ளும் நுழைந்திராது.

இதனால், சனரஞ்சகக் கலை யாவும் நன்று என்பது பெறப்படுவதில்லை. பெறப்படுவது வேறொன்று. பந்தியில் இடுபவன் தான் உண்ணக் கூசும் உணவை விருந்தினருக்கு இடுவானாயின் அவன் பொய்யன். 'மக்கள் இதைத்தான் கேட்கின்றனர்' என்று கூறிக்கொண்டு, தான் ஒருபோதும் சுவையாததைத் திரையிலும் ஏட்டிலும் இடுபவனும் அத்தகையவனே. அவனது படைப்பின் தரக்குறைவு இரண்டாவது குற்றம். மக்களைத் தன்னிலுந் தாழ்ந்தவராகக் கணித்தமையே முதற் குற்றம். மறுபுறத்தில், மக்களின் இன்பங்களை அறவே வெறுத்து அவர்களுக்கு உபதேசம் மாத்திரம் வழங்க முனையும் கலைஞனும் அதே கணிப்பையே செய்கின்றான். வியாபாரியும் உபதேசியும் பகைவர் போலத் தோன்றினும், தாம் நாடும் மக்களோடு ஒரே வாங்கில் அமர மறுப்பதில் இருவரும் ஒருவரே.

ஆயின் தானும் மகிழ்தல் மாத்திரம் போதுமா? போதாது. கொடுமையிலும் இழிவிலும் மெய்யாகவே மகிழும் படைப்பாளிகளும் உளர்; அவர்தம் மகிழ்ச்சியின் உண்மை அவர்தம் படைப்பை நல்லதாக்கிவிடாது. இங்கேதான் ஆயத்தத்தின் அறப்பயன் விளங்குகின்றது. விடியலில் எழுந்து ஒளியை நோக்குபவனும், ஒரு பேய்க்கூத்தின் தாளத்தைப் பலமுறை திருத்துபவனும், தன் இன்பத்தை உண்மை என்னும் உரைகல்லில் தேய்த்துப் பார்க்க நேரிடுகின்றது. பொய்யான இன்பம் அத்தேய்ப்பில் நெடுநேரம் நிலைக்காது. இரசனை ஆயத்தத்துக்கு அன்பைக் கொடுக்கின்றது. ஆயத்தம் இரசனையைப் பொறுப்புடையதாக்குகின்றது. ஒன்றையிழந்த மற்றது கெடும்.

ஆயத்தத்தின் மதிப்பு அதன் விளைவைக் கொண்டு அளக்கப்படுவதன்று என்பதற்கும் ரேயின் வாழ்வில் எடுத்துக்காட்டுண்டு. இலங்கையிற் குடியேறி வாழ்ந்த அறிவியற்புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்குடன் ஏற்பட்ட தொடர்பையடுத்து, 1967 இல் அவர் 'வேற்றுலகவாசி' எனப் பொருள்படும் தலைப்பில் ஒரு திரைக்கதையை எழுதினார். வங்காளக் கிராமமொன்றின் குளத்தில் வானூர்தி ஒன்று இறங்குவதும், அதில் வந்த உயிரி ஏழைச் சிறுவனொருவனோடு நட்புக்கொள்வதும் அக்கதை. சித்திரங்களும் வரையப்பெற்றன, அமெரிக்க நிறுவனமொன்றும் முன்வந்தது. படமோ எடுக்கப்படவேயில்லை. அவ்வேமாற்றத்தின் பின்னரும், சிறுவருக்கான விந்தைக்கதைகளை எழுதுவதை அவர் கைவிடவில்லை. பலன் கிட்டாத உழைப்பு அவருக்குக் கசப்பைத் தந்திருக்கலாம், இரசனையைப் பறிக்கவில்லை.

1992 இல் ஹொலிவூட்டின் கௌரவ ஒஸ்கார் விருது அவருக்கு வழங்கப்பட்டபோது அவர் கல்கத்தா மருத்துவமனைப் படுக்கையிற் கிடந்தார். அங்கிருந்தே பேசிய அவரது ஏற்புரை படமாக்கப்பட்டு விழாவிற் காட்டப்பட்டது. உலகத்தார் அவரிடமிருந்து தத்துவம் எதனையும் எதிர்பார்த்திருக்கலாம். அவரோ தாம் மாணவனாயிருந்த காலத்தில் டீனா டர்பினுக்குக் கடிதம் எழுதியதையும், பதில் வந்தபோது மகிழ்ந்ததையும், ஜிஞ்சர் ரொஜர்ஸுக்கும் நெறியாளர் பில்லி வைல்டருக்கும் எழுதிய கடிதங்களுக்குப் பதில் வராததையும் கூறினார். திரைக்கலையிற் கற்றவற்றை அமெரிக்கப் படங்களிடமிருந்தே கற்றதாக நன்றியோடு நினைவுகூர்ந்தார். சில வாரங்களில், ஏப்ரல் 23 ஆந் திகதி, அவர் காலமானார்.

சாகுந்தறுவாயில் ஒருவர் தம் இளமைக்கால இரசிகர் கடிதங்களை மறைக்காது கூறுதல் சிறு செய்தியன்று. எங்கிருந்து வந்தோம் என்பதை மறவாமையே நன்றியறிதல் எனப்படும். மேசைமீதுள்ள காவியத்தின் அடியில் நாவலை மறைத்துவைக்கும் மாணவனுக்கு இதிலிருந்து ஒரு பாடம் உண்டு. நாவலை வெளியே எடுத்து வைக்கலாம். ஆனால் எடுத்து வைத்தபின், காவியத்தை எத்துணைக் கவனத்தோடு படிப்பானோ அத்துணைக் கவனத்தோடு அதனையும் படித்து, அது தரும் இன்பம் மெய்யானதா என்று தன்னைத்தானே கேட்கவேண்டும். மறைத்து வைத்திருக்கும் வரை அக்கேள்வியிலிருந்து அவன் தப்பிக்கொண்டிருந்தான்.